அட்டவணையில் இருந்த அம்பு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி இப்போது தேவலை. பாளையங்கோட்டையில் சாரல் காற்று ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் மொட்டைமாடியில் பையன்களுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கச் சுகமாக இருக்கிறது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘எண் = எண் + 1’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, “சார், ரெண்டு பக்கமும் எண்ணைக் கழிச்சா 0 = 1ன்னுல்லா வருது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் ‘சமம்’ என்று படித்த குறியை நாம் ‘இதை அதில் போடு’ என்பதற்கு வைத்திருக்கிறோம். போர்டில் அழித்துவிட்டு ‘எண் ← எண் + 1’ என்று எழுதினேன். “வலது பக்கத்தைக் கூட்டி இடது பக்க டப்பால போடணும், அவ்வளவுதானே” என்றான்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் பட்டியல்தானே ஆஸ்கி, 1963-இல் வந்த அதன் முதல் அட்டவணையில் ← இருந்திருக்கிறது மாப்பிள்ளை! 1967 திருத்தத்தில் அந்த இடத்தை அடிக்கோட்டுக்குக் ( _ ) கொடுத்துவிட்டார்கள். மாறிப் பெயருக்கு நடுவே தினமும் தட்டுகிறோமே, அதே அடிக்கோடு. எனக்கு மனசே ஆறவில்லை. காலேஜில் பாஸ்கல் மொழியில் இதற்கு := போட்டோம், அதிலாவது குழப்பமில்லாமல் இருந்தது.

அதற்காக எல்லாக் குறியும் வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஐவர்சன் உருவாக்கிய, விசேஷக் குறிகள் நிறைந்த ஏபிஎல் மொழிக்கு ஐபிஎம் தட்டச்சுப்பொறியில் அந்தக் குறிகள் பொறித்த தனி உருண்டையே மாட்ட வேண்டியிருந்தது. அவரே 1990-இல் ரோஜர் ஹூயியோடு சேர்ந்து ஜே மொழியைச் சாதாரண ஆஸ்கி எழுத்துகளிலேயே அமைத்தார். விரலுக்கு எட்ட வேண்டுமே.

கண்ணுக்கும் தெரிய வேண்டும். நான் அடித்த பயிற்சித்தாளில் நேர் மேற்கோள் குறியை மென்பொருள் தானாக வளைத்துவிட்டது. பிள்ளைகள் அப்படியே எடுத்து ஒட்ட, பதினொரு பேருக்கும் ஒரே பிழை. அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு பிள்ளை திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, “சார், இது கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு” என்றாள். பைத்தான் 3-இல் ‘எண்’ என்று தமிழில் பெயர் வைத்தால் ஏற்கிறது, வளைந்த குறியை ஏற்காது. ≤ போட்டாலும் அப்படித்தான். <= போதும். அதைத் திரையில் மட்டும் ≤ ஆக வரைந்து காட்டும் எழுத்துருக்கள் இருக்கின்றன, கோப்பு மாறாது. எனக்கு அந்த ஒற்றை அம்பு மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும்.

உங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு = என்பதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? ஆடி அமாவாசைக்குக் காரையாறு போக வருவாய்தானே, ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசு. போர்டில் நான் ← தான் எழுதப்போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்