சர்வேயர் மாப்ளேக்கு

சீடர் ராப்பிட்ஸ், அயோவா, அமெரிக்கா
அக்டோபர் கடைசி ஞாயிறு

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம், அதற்காக மறுபடி மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்காதே. நான் இருக்கும் பக்கம் கிராமமெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் நிலம் அளந்தவன் கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே.

இங்கே வயல் இருக்கிறது, விவசாயி இருக்கிறார், கிராமம்தான் இல்லை. 1785-ல் போட்ட சட்டப்படி, விற்பனைக்கு விடும் முன்பே நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்துவிட்டார்கள். (இந்த மண்ணில் இருந்த சாக், மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்களை ஒப்பந்தம் போட்டு வெளியேற்றியது தனிக் கதை.) ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அளந்தது உங்கள் பழைய புலப்படத்தில் வரும் அதே 66 அடிச் சங்கிலி! வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், ஒரு வரிசை இறங்கிக் கிழக்கே திரும்புகிறது நம்பர், ஏர் மாடு திரும்புகிற மாதிரி. 16-ம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு.

எண்பது, நூற்றறுபது ஏக்கர் என்று வாங்கியவர்கள் அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். தெரு என்ற பேச்சே இல்லை. டவுன்ஷிப்புக்கு மூன்று ட்ரஸ்டிகள் உண்டு. சுடுகாடு, தீயணைப்பு, அப்புறம் வேலித் தகராறு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இங்கே பிறந்திருந்தால் நீயும் ஒரு ட்ரஸ்டிதான்.

போன வாரம் ஒரு சரளை ரோட்டில் போனேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போன ரோடு, திடீரென்று சோயா அறுத்த வயலில் முட்டி நின்றது. இடப்பக்கம் கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் திரும்பினால் அதே ரோடு தொடர்கிறது. ஆறும் இல்லை, மேடும் இல்லை. பூமி உருண்டையாக இருப்பதுதான் காரணமாம். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், சதுரம் குறுகும். அதனால் இடையிடையே ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி முழு ஆறு மைலாக அளந்தார்கள். அந்தக் கோட்டில்தான் ரோடு ஒடிகிறது. பூகோள வாத்தியார் அடித்தும் ஏறாதது ஸ்டியரிங் திருப்பியதும் ஏறிவிட்டது.

இந்தக் கட்டத்துக்கு அடங்காமல் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது, அமானா. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்துப் பக்கம் குடியிருந்த ஜெர்மன் பக்திக் கூட்டம் ஒன்று 1855-ல் அயோவா ஆற்றங்கரைக்கு வந்து, சுமார் 26,000 ஏக்கரைச் சேர்த்து வாங்கி, ஏழு கிராமமாக உட்கார்ந்தது. அதில் ஹோம்ஸ்டெட் மட்டும் ரயிலுக்காக 1861-ல் விலைக்கு வாங்கிய ஊர். 1932 வரை நிலம், பட்டறை, அடுப்படி எல்லாம் பொது. வீடுகள் தெருவில் வரிசையாக நிற்கின்றன, சுவரில் திராட்சைக்கொடிப் பந்தல். நம் ஊர் நினைப்பு வந்துவிட்டது, போ.

கல்லறைக்கும் போனேன். எல்லாம் ஒரே மாதிரி சின்னக் கல், பெயரும் தேதியும் மட்டும். குடும்பம் குடும்பமாக இல்லை, செத்த வரிசைப்படி புதைத்திருக்கிறார்கள். புருஷன் ஒரு வரிசை, பெண்டாட்டி நாலு வரிசை தள்ளி. உன் மதினி அதைப் பார்த்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை, நான்தான் ஏதோ செய்த மாதிரி.

உன் பழைய சங்கிலி இன்னும் பரணில் கிடக்கிறதா? பேரனிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி