பெட்டரியை இப்போதைக்கு மாற்றாதே

மட்டக்குளி,
கொழும்பு 15

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. படகு எஞ்சினின் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு ஜீபிஎஸ்ஸும் தண்ணீர் இறைக்கிற பம்பும் சேர்ந்து நின்றுவிட்டன, கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தன என்றாய். எல்லாரும் புதுப் பெட்டரி வாங்கச் சொல்கிறார்களாம். அவசரப்பட்டு வாங்காதே. கரண்ட் போய்ப் போய் வருகிறதென்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு தொடுப்பு கெட்டிருக்கிறது. பியூஸ் எரிந்திருந்தால் திரும்பி வந்திருக்காது. கியர் சுவிட்ச், எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கோளாறு என்றால் எஞ்சின் மட்டும்தான் மக்கர் பண்ணும், பம்ப் நிற்காது. எல்லாம் ஒன்றாகப் போனதால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும்: பெட்டரியின் இரண்டு முனைகளும், அவற்றிலிருந்து புறப்படும் தடித்த வயர்களும்.

முதலில் பெற்றோல் தாங்கிப் பக்கம் நன்றாகக் காற்றோட விடு. வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து, எல்லாம் ஓஃபில் இருக்கும்போது பெட்டரியை அளந்து பார். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12 என்றால் முக்கால்வாசி இறங்கிவிட்டது, சார்ஜ் போட வேண்டும். ஆனால் இந்த ஓர் அளவை நம்பி எதையும் முடிவு செய்யாதே. எஞ்சின் கரண்டை இழுத்துப் பாரம் ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

மீட்டரின் ஒரு ஊசியை பிளஸ் ஈயக் குமிழிலேயே வை, அதன் மேலுள்ள கிளம்பில் அல்ல. மற்ற ஊசியை அதே வயர் எஞ்சினில் போய்ச் சேரும் முனையில் வை. யாரையாவது சாவியைத் திருப்பச் சொல். மீட்டர் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் வயர் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கள்ளன் அந்த வழியில்தான். மைனஸ் பக்கமும் இதேபோல் பார். அதைப் பலர் பார்ப்பதே இல்லை, உப்புக் காற்று அதையும்தான் தின்கிறது.

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். கையால் திருகுகிற காது நட் இருந்தால் தூக்கிப் போடு. அலை அடிக்க அடிக்க அது தளரும். ஸ்பேனரால் இறுக்கும் லொக் நட் போடு. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவிக் காயவிடு, பெட்டரிக்குள் மட்டும் அது இறங்கக் கூடாது. வயர் முனையைக் கொஞ்சம் சீவிப் பார். செம்பு கறுத்திருந்தால் அந்த வயர் முடிந்தது.

எஞ்சின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதே, பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெக்டிபையர் எரிந்துவிடும். ஓடும்போது வோல்ட்டை மட்டும் பார். கொஞ்சம் வேகம் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

உன்னுடையது கார்புரேட்டர் எஞ்சின். ஸ்பார்க் அதன் சொந்தக் கொயிலிலிருந்தே வருவதால் பெட்டரி செத்தாலும் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம். கரையில் வைத்தே இழுத்துப் பழகு, மகள். ஆனால் இது சரியாகும்வரை பாலமீன்மடுப் பக்கம் போகாதே. அங்கே வாவி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்திருந்தால் நீரோட்டம் கடலுக்கு இழுத்துவிடும்.

அளந்ததையும் முனைகளின் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பு. வயர் மாற்ற வேண்டுமென்றால் நீளத்தைச் சொல். ஈயம் பூசிய செம்பு வயர் இங்கே தேடி வாங்கி, முனைகளையும் அடித்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா