நம் கடலோர ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத பெரும்பான்மையோருக்கும் வணக்கம்.

சுதந்திர தின விழா, பொங்கல் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. ஒரு பொதுக்குழு, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) இல்லாமல் தள்ளிப்போனது. கண் பரிசோதனை முகாமும் நடந்தது. கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளில் சிலர் அதுவரை 'மக்கு' என்று பேர் வாங்கியவர்கள்.

அடுத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சங்கம் நடத்தும் மாலை வாசிப்பு வகுப்பைப் பற்றி. "அஞ்சாம் வகுப்பை விட்டுட்டு இந்தச் சின்னதுகளுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். பதில் இங்கே பதிவாகட்டும். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்குத் தினம் இருபது நிமிடம், சில மாதம் போதும். அதையே ஐந்தாம் வகுப்பு வரை விட்டால் கணக்கில்கூடக் கேள்வி புரியாது; புத்தகம் என்றாலே வெறுப்பும் சேர்ந்துவிடும்.

சேர்க்கும்போது பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்கவில்லை. பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள்; விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். பார்த்திராத பக்கத்தைக் கொடுத்து எழுத்து, சொல், பத்தி, கதை இவற்றில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தோம். அதிகம் தடுக்குவது கொம்பில்தான். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் எழுத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். துணைக்காலை விட்டால் 'மொட்டு' 'மெட்டு' ஆகிவிடும். அடுத்த சிக்கல் உகர வரிசை: கு, சு, மு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். இதற்காக 247 எழுத்தையும் மறுபடி எழுதவைப்பது வீண் வேலை. தடுக்கும் வரிசையில் ஐந்தாறு சொல், உடனே அந்தச் சொற்கள் வரும் கதை, அவ்வளவுதான்.

புத்தகம் பொருந்துகிறதா என்பதற்கும் கணக்கு உண்டு. நூறு சொல்லில் ஐந்து முதல் பத்து வரை தடுக்கினால் சொல்லிக்கொடுக்கச் சரியான புத்தகம். அதற்கு மேல் போனால் ஒரு படி இறக்க வேண்டும். ஐந்துக்கும் குறைவென்றால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிகள் உண்டு. அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கடலும் மீனும் வரும் கதையென்றால் நம் பிள்ளைகள் ஒரு படி மேலேயே சமாளிக்கிறார்கள். பிள்ளை தடுக்கியதும் பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். ஐந்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும். அப்போதும் வரவில்லையென்றால் சொல்லிக்கொடுத்து, வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வரும் ஒருவருக்கு நான்கு பிள்ளை என்பது ஏற்பாடு. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேரை வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து காணோம். கடலுக்குப் போகும் நாளில் வர முடியாதது புரிகிறது. படகு கரையில் கிடக்கும் நாளிலுமா? நான்கு எட்டாகி, பிறகு எல்லோரும் ஒரே கூட்டமாகிவிட்டால் கோரஸாகக் கத்துவதுதான் மிச்சம். அந்தச் சத்தத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளை சுகமாக ஒளிந்துகொள்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் செலவு சற்றே கூடுதல். புத்தகக் கடைக்கும் பாக்கி நிற்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியை முதல் ஆளாகக் கட்டுபவர்களுக்குச் சங்கத்தின் மாதச் சந்தா மட்டும் ஏன் மறந்துபோகிறது என்பது செயலாளருக்கு விளங்கவில்லை.

இடம் தந்த தலைமை ஆசிரியருக்கும், மின்விசிறி அளித்தவருக்கும், மருத்துவக் குழுவினருக்கும் நன்றி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. பிள்ளைகள் ஏறிய படியிலிருந்து சறுக்குவதும் அப்போதுதான். விசைப்படகுக்காரர்கள் வலை வேலை போக மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கலாம். பட்டம் வேண்டாம், தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவி தயார். யாரும் வராவிட்டால் சந்தா பாக்கிப் பட்டியல் அடுத்த மாதம் அறிவிப்புப் பலகைக்குப் போகும். பதிவேடு மேசையில் இருக்கிறது. பெயர் எழுதுபவர்கள் எந்தெந்தக் கிழமை வருவார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவும்.

இப்படிக்கு,
செயலாளர்