தண்டவாளம் போனாலும் வழி போகக் கூடாது

ஆசிரியருக்கு,

வணக்கம். மூடப்பட்ட ரயில் பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் இங்கே நான் பார்த்ததை அந்தக் கட்டுரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மிசௌரி ஆற்றை ஒட்டி ‘கேட்டி டிரெயில்’ என்று ஒரு பாதை இருக்கிறது. எம்.கே.டி. (மிசௌரி–கான்சஸ்–டெக்சஸ்) என்ற ரயில்வேயைச் சனங்கள் ‘கேட்டி’ என்று கூப்பிட்டுப் பழகிய பெயர் அது. ஏறக்குறைய 240 மைல் நீளம். தண்டவாளமும் கட்டையும் கிடந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். மகளுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு மெக்பெய்ன் என்ற ஊரிலிருந்து ரோச்போர்ட் என்ற ஊர் வரை போனேன். சுமார் 14 கிலோமீட்டர். முதலில் இரண்டு பக்கமும் சோளமும் சோயாவும். கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை எழும்பி நிற்க, இடப்பக்கம் கலங்கிய ஆறு பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ரயில் மேடேறத் திணறும், அதனால்தான் ஆறு அறுத்து வைத்த சமதளத்தைப் பிடித்துப் பாதை போட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் இந்த வயதிலும் மூச்சு வாங்காமல் மிதித்தேன். சிறு பாலங்களின் கல் கட்டுமானத்தையும் ஓரத்து வடிகாலையும் பார்த்தபோது நான் பராமரித்த செக்‌ஷனில் நடப்பது போலவே இருந்தது.

மைல் எண்களைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ரயில் ஓடிய காலத்துக் கணக்கே நிற்கிறது. டிரெயிலின் கிழக்கு முனையான மேச்சன்ஸ் 27க்குப் பக்கம், ரோச்போர்ட் 178. ஊரைத் தாண்டியதும் 1893இல் பாறையைக் குடைந்து போட்ட சுரங்கம், 243 அடி. உள்ளே குளிர்ச்சியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

1986 அக்டோபர் வெள்ளத்தில் பாதை பாழானபோது ரயில் கம்பெனி அத்தோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1983இல், இங்கே ஒரு சட்டத் திருத்தம் வந்திருந்தது. ஓட்டம் நின்ற பாதையைத் துண்டுபோட்டு விற்காமல், நடைபாதையாக ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்கலாம். நாளைக்கு ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படி இந்தப் பாதையை வாங்கி நடைபாதையாக்க, மிசௌரிக்காரர்களான டெட் ஜோன்ஸ் – பாட் ஜோன்ஸ் தம்பதியர் 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1990இல் ரோச்போர்ட்டில்தான் முதல் பகுதி திறந்தது. 1993இல் மறுபடியும் பெருவெள்ளம் வந்து பாதையை அரித்துப் போட்டது. மறுபடியும் சீர்செய்தார்கள்.

எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ரயில் நின்றால் நிலம் தங்களுக்கே திரும்பும் என்று இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அரசு அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2000இல் தீர்ப்பானது. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். வயலுக்கு நடுவே ஆட்கள் போய்வருவதை யாராக இருந்தாலும் யோசிப்பார்கள்.

இதே பழைய ரயில் பாதையில் பூன்வில் என்ற ஊரில் 1932இல் கட்டிய பெரிய ஆற்றுப் பாலம் ஒன்று உண்டு. நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும், கீழே படகு போகும். அதைக் கழற்றிவிடப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் போராடி நிறுத்தி வைத்தார்கள். என்றைக்காவது ரயில் திரும்பி வர வேண்டுமென்றால் பாலம் வேண்டுமே!

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயிலில் சின்ன வயதில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அதுவும் இதே எண்பதுகளில்தான் நின்றது. மீண்டும் ரயில் விடச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விடட்டும், அதுதான் என் ஆசையும். அதுவரைக்குமாவது அந்த நிலம் ஒரே கோடாக இருக்க வேண்டும். நூறு வீட்டு மனையாகச் சிதறிய பாதையை மறுபடி சேர்க்க எந்த அரசாங்கத்தாலும் ஆகாது. பாதை வேலையே செய்தவன் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்தியாளர் ஒருவர் மயிலாடுதுறை ஜங்ஷனிலிருந்து தரங்கம்பாடி வரை அந்தப் பழைய ரயில் கரையிலேயே நடந்து பார்த்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று எழுத வேண்டும். மாசியில் ஊர் திரும்புகிறேன். கூட நடக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
மயிலாடுதுறை