ஜீன் ஆட்ரிக்கு ஒரு கடிதம்: தங்கள் பெயரைத் தாங்கிய இரண்டு கிட்டார்கள்

மதிப்பிற்குரிய திரு. ஜீன் ஆட்ரி அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கர்கள் 'பாடும் கௌபாய்' என்று கொண்டாடிய பாடகரும் திரை நடிகருமான தங்கள் பெயரைத் தாங்கிய இரண்டு கிட்டார்களில் ஒன்றை ஊரே கொண்டாடுகிறது; மற்றொன்றுக்காகப் பரிந்து பேச ஆளில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கொண்டாடப்படுவது 1933இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் தங்களுக்காகச் செய்து கொடுத்தது. அவர்களிடமிருந்த மிகப் பெரிய உடலான ட்ரெட்நாட்டில், மிக ஆடம்பரமான 45ஆம் ரகத்தின் சிப்பி வேலைப்பாட்டைச் செய்து தரும்படி தாங்கள் கேட்டீர்கள். விரற்பலகையில் தங்கள் பெயரையும் சிப்பியாலேயே இழைத்தார்கள். (தங்களுக்கு முன்பே புகழ்பெற்ற கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் கிட்டாரில் அவர் பெயர் அவ்வாறே மின்னியதைத் தாங்கள் கவனிக்காமல் இருந்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை.) அதுவே முதல் டி-45. 1942இல் நிறுத்தப்படும் வரை அந்த ரகத்தில் செய்யப்பட்டவை 91 மட்டுமே. தொண்ணூற்றொரு கிட்டாரை வைத்துக்கொண்டு ஒரு நாடு வாசிக்கப் பழகிவிட முடியாது.

மற்றொன்று அதற்கு ஓராண்டு முன்பே, 1932இல், சியர்ஸ் நிறுவனத்தின் தபால்வழி விற்பனைப் பட்டியலில் வந்த 'ரவுண்டப்'. சிகாகோவின் ஹார்மனி தொழிற்சாலையில் செய்யப்பட்ட மலிவான கிட்டார். முன்பலகையில் அச்சுத்தகடு வைத்து வண்ணம் தீட்டிய மாட்டுக்காரக் (கௌபாய்) காட்சி. அதனுடன் தங்கள் கையொப்பம். பலகையின் உட்புறம், மார்ட்டினில் உள்ளதுபோல எக்ஸ் வடிவில் அல்லாமல், ஏணிப்படி போலக் குறுக்கே ஒட்டிய தாங்குகட்டைகள். அதனால் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். செவி மட்டும் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் என் கட்சி தோற்றுவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் பன்னிரண்டு வயதில் தாங்கள் முதன்முதலாக வாங்கிய கிட்டார், அதே சியர்ஸ் பட்டியலிலிருந்து எட்டு டாலருக்கு வந்தது அல்லவா? அப்படியானால் தங்களுக்கு முன்பே மலிவான கிட்டார் தபாலில் வந்துகொண்டுதானே இருந்தது, தங்களால் புதிதாக என்ன நேர்ந்தது என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதுவரை கிட்டார் என்பது பான்ஜோ, மாண்டலின், யூகலேலி ஆகியவற்றோடு தோளுரசிக்கொண்டு நின்ற கருவிகளுள் ஒன்று. தாங்களோ சிகாகோ டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் பாடி, பின்னர் திரையில் குதிரைமேல் அதை ஏந்தி வந்து, அதற்கு ஓர் ஆளையும் ஒரு தோற்றத்தையும் கொடுத்தீர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடித்திருந்த ஒரு பண்ணை வீட்டுச் சிறுவன், வானொலியில் கேட்ட குரலின் பெயரை வீட்டிலிருந்த பட்டியலில் கண்டபோது, தேர்வு செய்ய அவனுக்கு அதிக நேரம் பிடித்திருக்காது.

தங்கள் டி-45 இன்று லாஸ் ஏஞ்சலிஸில், தங்கள் பெயரிலேயே அமைந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ரவுண்டப் ஒன்றை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் முதல் மூன்றுக்கு அடியில் மட்டும் மரம் குழிந்திருந்தது; ஒலித்துளைக்குக் கீழே, கை ஓயாமல் உரசிய இடத்தில், வண்ணம் தீட்டிய குதிரையின் கால்கள் அழிந்துபோயிருந்தன.

அன்புடன்,
தங்கள் ரசிகன் ஒருவன்