அண்ணனுக்கு, வளவுச் சுவர் பற்றி

அண்ணே,

நம் வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவரில் இருந்த சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டேன். சுண்ணாம்புப் பூச்சும் மெருகும் நேற்றுதான் முடிந்தன. போனில் சொன்னால் "சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2013-இல் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்தீர்களே, அன்று பெட்டியைக்கூட இறக்காமல் நேரே வளவுக்குப் போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டினீர்கள். டொக்கென்றது. நகத்தால் கீறி, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றீர்கள். வேறொன்றும் பேசவில்லை. உள்ளே இலை போட்டிருந்தது. நம் வீட்டு உப்பை நீங்கள் கடைசியாகத் தின்றது அதுதான்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் நம்மைப் பெற்ற அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்கு இருபதே நாள் இருந்தது. சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, ஒவ்வொரு பூச்சாகக் காயவிட மாதக்கணக்கில் ஆகும். சிமெண்ட் நாலே நாளில் முடிந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும் என்று அன்று யார் எனக்குச் சொன்னார்கள்? இப்போது கொத்தியபோது செங்கல்லின் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை.

ஓடு மாற்றப் பணம் புரட்டிய கதையைப் பொதுவில் விரித்து எழுத முடியாது, பங்காளிகள் நாலு பேர் படிப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடையில் நீங்கள் பார்த்த கதவு நம்முடையது அல்ல. பக்கத்தில் சாய்த்திருந்த தூண் நம்முடையது. வீட்டின் மூன்றாம் கட்டு சரிந்தபோது விழுந்தது. 1942-இல் ரங்கூன் விழுவதற்கு முன்னால் ஐயா கப்பலில் அனுப்பிய தேக்கு என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் விற்றேன். சிங்கப்பூரில் உட்கார்ந்து போட்டோ பார்த்து "பழமையைக் கெடுத்துட்டே" என்று சொல்லலாம். ஐப்பசி ராத்திரியில் ஒழுகிய இடமெல்லாம் அண்டா வைத்தது நான்.

சரி, அதை விடுங்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கொத்தனார் வழுவழுப்பான கல்லால் நாள் முழுக்கத் தேய்த்தார். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் சுவரில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. அப்பத்தா பொட்டு வைக்கும்போது அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வைப்பார்கள் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை.

உங்கள் பங்கு அறையின் உள்சுவரில் கை வைக்கவில்லை. கேட்காமல் செய்தேன் என்ற பேச்சு இன்னொரு தடவை வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு மீதி தொட்டித் தண்ணீரில் கிடக்கிறது, கெடாது. சாவி உங்களிடம் இருக்கிறது. எத்தனை முட்டை வாங்குவது என்று கொத்தனார் கேட்கிறார்.