எடைக்கு மட்டும் விலை வைத்தால் மெல்லிய இழை எங்கிருந்து வரும்?

பெரு நாட்டின் வேளாண் வளர்ச்சி, பாசன அமைச்சகத்துக்கும், புனோ, குஸ்கோ வட்டார அரசுகளுக்கும்

வணக்கம்.

மலைநாட்டில் கம்பளிக்காக வளர்க்கப்படும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பாகாவின் இன மேம்பாடு என்றதும் பொலி கிடாக்களை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது கொள்முதல்.

பட்டிக்கு வரும் இடைத்தரகர் எல்லாக் கம்பளியையும் ஒரே விலைக்கு நிறுத்து எடுக்கிறார். 23 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட, 'பேபி' எனப்படும் மெல்லிய தர இழைக்கும் 31.5 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழைக்கும் ஒரே காசு. தடித்த இழைதான் கனக்கும். அப்படியிருக்க, கனத்த கம்பளி தரும் கிடாவையே மேய்ப்பர் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. தரம் பிரிக்கத் தேர்ந்த பெண்கள் மலையூர்களில் இருக்கிறார்கள்; அவர்களை வைத்து, தரத்துக்கேற்ற விலை தரும் கொள்முதல் மையங்களைத் திறங்கள். கம்பளி இறங்கிய அன்றே ஒரு பகுதிப் பணத்தைக் கையில் கொடுங்கள். இடைத்தரகர் ஜெயிப்பது ரொக்கத்தால்தான்.

கத்தரிப்பிலும் மதிப்பு வீணாகிறது. உலர்ந்த நாளில், சுத்தமான விரிப்பின்மேல், வெள்ளையை முதலில் கத்தரித்துக் கருநிறத்தைக் கடைசிக்கு வைக்க வேண்டும். வயிறு, கால் பகுதியின் முரட்டு மயிர் தனியே போகட்டும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தரி போட்டால் துண்டு இழைகள் கலந்துவிடும். பிளாஸ்டிக் சாக்கின் நார் கம்பளியில் ஒட்டினால் ஆலையில் சாயம் ஏறாமல் தனித்துத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே துணிப்பைகள் வழங்கலாம்.

இனி கிடா. கையால் தடவிப் பார்த்துப் பரிசு கொடுக்கும் பழக்கம் போதாது. விலாவின் நடுவிலிருந்து சிறிது இழை எடுத்து ஆய்வகத்தில் அளக்க வேண்டும். வயது கூடக்கூட இழை தடிக்கும். நல்ல தீவனமும் தடிக்க வைக்கும். பட்டினி கிடந்த விலங்கின் இழை மெலிந்திருந்தாலும் வலுவிருக்காது. ஆகவே ஒரே பட்டியில், ஒரே வயதுக் கிடாக்களுக்குள் மட்டுமே ஒப்பிடுங்கள். பல்வரிசையும் இரு விதைகளும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, தேறாதவற்றைக் காயடித்துவிட வேண்டும். இல்லையென்றால் நல்ல கிடா வந்தும் பயனில்லை. பழைய கிடாக்கள் முந்திக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்துப் பட்டியோடு கிடாவை மாற்றிக்கொண்டால் இரத்த உறவுக் கலப்பும் குறையும்.

பெட்டைகளோடு நாள்கணக்கில் சேர்ந்தே இருக்கும் கிடாவுக்கு நாட்டம் தணிந்துவிடும். புணர்ச்சி நடந்தால்தான் பெட்டைக்குக் கருமுட்டையே வெளிப்படும் என்பதால், இந்தச் சோர்வு நேரே சினையைக் குறைக்கிறது. 100 பெட்டைக்கு 6 கிடா வைத்து, மூன்று மூன்றாக வாரத்துக்கு வாரம் மாற்றி விடுவது எளிய வழி.

தேர்ந்தெடுக்கக் குட்டி மிஞ்ச வேண்டுமே! பெட்டை பதினோரு மாதத்துக்கு மேல் சுமந்து, பெரும்பாலும் ஒன்றே ஒன்று ஈனுகிறது. ஈற்று மழைக்காலத்தில் வருகிறது. சேறான படுக்கையிடத்தில் கிளாஸ்டிரிடியம் கிருமி பெருகி, குடல்நஞ்சால் குட்டிகள் கொத்தாகச் சாகின்றன. படுக்கையிடத்தை அடிக்கடி மாற்றுவதும், தொப்புளில் அயோடின் வைப்பதும், முதல் சில மணிநேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைப்பதும் செலவு குறைந்த வேலைகள். ஆனால் ஈற்றுக்கு முன்பே ஆள் போய்ச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆலைகள் வெள்ளையையே கேட்டதால் கருப்பும் பழுப்பும் சாம்பலும் பட்டிகளில் அருகிவிட்டன. புனோவின் கிம்சசாட்டா வேளாண் ஆராய்ச்சி நிலையம் வண்ண அல்பாகாக்களைக் காத்துவருகிறது. அந்தக் கிடாக்கள் சிறு மேய்ப்பரின் பட்டிக்கு வரட்டும். வண்ண இழைக்கும் விலைப்பட்டியலில் தனி வரி வேண்டும்.

இப்படிக்கு,
அல்பாகா வளர்ப்பில் அக்கறை கொண்டோர்